ஊத்துக்கோட்டைக்குப் போன உன் படம்

நைனா, மெட்ராஸ் போட்டோ லேபில் போட்டு நீ வெள்ளை உறையில் வைத்துக் கொடுத்த உன் படம் இன்னும் என் ட்ரங்குப் பெட்டியில்தான் கிடக்கிறது, ஊத்துக்கோட்டைப் பெண் வீட்டுக்குப் போனது நம் வீட்டுக் குளியலறையில் நான் போட்ட படம், போன செவ்வாய்க்கிழமை அங்கிருந்து பதிலும் வந்துவிட்டது!

கோபப்படு. அம்மா மேல் படவேண்டிய கோபம்தான். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. தனிக் கடிதமாக எழுதியிருந்தால் முதல் வரியிலேயே கிழித்து கும்மிடிப்பூண்டி தண்டவாளத்தில் போட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நம் தெருக் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதுகிறேன். இருப்பது ஒரே பிரதி. திருவள்ளூரில் வீடு வீடாகச் சுற்றிவிட்டு, பஸ் ஏறி, கும்மிடிப்பூண்டியில் நீயும் உன் மில் சிநேகிதர்களும் தங்கியிருக்கிற அறைக்கு வந்துசேரும். அட்டையில் புகை விட்டுக்கொண்டு நிற்கிற ரயில் எஞ்சின் நீ வரைந்தது. அதைக் கிழிக்க உனக்குக் கை வராது. உன் சிநேகிதர்களும் படிப்பார்களே என்கிறாயா? படிக்கட்டும். அவர்களில் நாலு பேருக்கு இந்த வருஷம் பெண் பார்க்கிறார்கள். நாலு பேரும் அதே லேபுக்குத்தான் போயிருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். ஆராதனை முடிந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே பின்பக்க வேப்பமரத்து நிழலில் உன்னை நிற்கவைத்து எடுத்தேன். மத்தியானத்துக்குள் ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து, சாயங்காலம் நாலு மணிக்கு ஈரம் போகாத படத்தை உன் கையில் கொடுத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டைக் காலரின் மடிப்பு தெரிந்தது, வேப்ப இலையின் நிழல் தோளில் தெரிந்தது, உன் நிறம் உன் நிறமாகவே வந்திருந்தது. இருபது வருஷமாகப் போடுகிறேன், கறுத்த முகத்தைக் கறுப்பாகவும் வேண்டும், கண்ணும் மூக்கும் மூழ்காமலும் வேண்டும் என்றால் எத்தனை கஷ்டம் என்று போடுகிறவளுக்குத்தான் தெரியும். நீ பார்த்த பார்வையில் அந்தப் படமே சுருண்டுவிட்டது.

"இன்னாம்மா இது? அடுப்புக் கரியில பெரட்டி எடுத்த மாதிரி கீறேன்."

"நீ எப்டி கீறியோ அப்டித்தான் கீற."

"அவங்க அனுப்புன பொண்ணு போட்டோவ பாத்தல்ல? டியூப்லைட்டு மாதிரி கீது. அதும் பக்கத்துல இத்த வெச்சா இன்னாத்துக்கு ஆவும்?"

உன் அப்பா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "டியூப்லைட்டு தனியாவா எரியும்? பக்கத்துல கறுப்பா ஒரு சோக்கு பொட்டி வோணும்ல? அதான்டா நீ" என்றார். நான் சிரித்துவிட்டேன். இன்று யோசித்தால் அந்தச் சிரிப்புதான் என் முதல் தப்பு. இருபத்தைந்து வயதுப் பிள்ளை, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெண்ணின் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவன், அவளுக்கு முன்னால் தான் குறைந்துபோவோம் என்று பயந்து நிற்கிறான். அந்தப் பயத்தை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. நீ எழுந்து போய்விட்டாய். அடுத்த ஞாயிறு அந்த வெள்ளை உறையோடு வந்தாய்.

உறையைத் திறந்து பார்த்தேன். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், வேலை சுத்தம். ஒரு தூசு இல்லை, ஒரு கீறல் இல்லை, நாலு பக்கமும் ஓரம் நூல் பிடித்த மாதிரி நேர். என் படத்தில் எப்போதும் ஏதாவது ஒரு மூலையில் என் விரல்ரேகை இருக்கும். லேப் படத்தில் யாருடைய விரலும் இல்லை. யாருடைய முகமும் இல்லை.

"யார்ரா இந்தப் புள்ள?"

"இன்னாம்மா, நான்தான்."

"தழும்பு எங்கடா?"

"எட்த்துட்டாங்க."

"யாரக் கேட்டு?"

"யாரயும் கேக்க மாட்டாங்கம்மா. அவங்களே பண்ணிடுவாங்க. லேபுன்னா அப்டித்தான். இத்தத்தான் அனுப்பணும். இந்த எடம் தட்டிப்போச்சுன்னா உன்னாலதான், இப்பவே சொல்ட்டேன்."

உன் இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகிற அந்தத் தழும்பு எனக்கு மனப்பாடம். இரும்பு மில்லில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பழுக்கக் காய்ந்த இரும்பிலிருந்து ஒரு சில்லு தெறித்தது. நீ இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை, ஓவர்டைம் என்று சொல்லி அனுப்பினாய். மூன்றாம் நாள் நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் வரிசையில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் நிற்கிறான், என்னைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறான். நடையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "கண்ணு தப்பிச்சிச்சும்மா, அத்தப் பாரு" என்றாய். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தவன், அம்மா இருக்கிற ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றாயே, அந்த அசட்டுத்தனத்தை நான் எத்தனை தடவை நினைத்துச் சிரித்திருக்கிறேன், அழுதிருக்கிறேன். அதையெல்லாம் யாரோ ஒருவர் மூன்று இழுப்பில் எடுத்துவிட்டார்.

யாரோ ஒருவர் என்று சொன்னேனே, அவரைப் போன்ற ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பேப்பர் வாங்க மெட்ராஸ் போனபோது ஒரு ஸ்டூடியோவின் பின்னறை வரைக்கும் நுழைந்துவிட்டேன். சாய்வான கண்ணாடிப் பலகையில் நெகட்டிவை வைத்து, கீழிருந்து வெளிச்சம் வரவிட்டு, ஊசி முனை மாதிரி சீவிய பென்சிலால் ஒரு பெரியவர் தீட்டிக்கொண்டிருந்தார். டச்சிங் என்பார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெள்ளையாக வரும். கன்னத்தில் தீட்டினால் கன்னம் வெளுக்கும். பள்ளத்தில் தீட்டினால் பள்ளம் மறையும். "எதுக்குங்க இந்தப் பொய்யி?" என்று கேட்டே விட்டேன். அவர் தலையைத் தூக்கவில்லை. "கண்ணாடின்னு ஒண்ணு எல்லார் ஊட்லயும் கீதும்மா. அதுல பாக்கறத பாக்கறதுக்கா இம்மாந்தூரம் வராங்க?" என்றார். அவர் கெட்டவரில்லை. நாள் முழுக்கக் குனிந்து குனிந்து கழுத்து வளைந்துபோன மனிதர். தீட்டாமல் கொடுத்தால் படம் திரும்பி வரும், வேலை போகும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அவருக்குச் சொல்லவேண்டிய பதில் தோன்றியது. உன் படத்தை நீயே வைத்துக்கொண்டு பார்த்துச் சந்தோஷப்பட என்றால் என்ன வேண்டுமானாலும் தீட்டிக்கொள், யார் கேட்பது? ஆனால் இன்னொரு வீட்டுக்கு, இன்னொரு மனுஷி பார்த்து முடிவு செய்வதற்காகப் போகிற படத்தில் பென்சில் படக்கூடாது. பதில் தோன்றியபோது பஸ் பூந்தமல்லியைத் தாண்டிவிட்டது.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். லேப்காரர்களைப் பேசுகிற இதே வாய்க்குச் சொந்தக்காரிதான் அவர்களைவிடப் பெரிய பொய்யைப் போட்டவள்.

நான் எப்படி ஆரம்பித்தேன் என்று உனக்குக் கொஞ்சம் தெரியும். ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். எக்ஸ்ரே கழுவுகிற இருட்டறை நாற்றம் பிடிக்காமல் எல்லோரும் ஓடினார்கள், என்னை உள்ளே தள்ளினார்கள். தள்ளியவர்களுக்குப் புண்ணியம்! வெறும் பலகை மாதிரி இருக்கிற ஃபிலிம், மருந்துத் தண்ணீரில் போட்டால், ஒரு நிமிஷத்தில் மனுஷனின் விலா எலும்பைக் காட்டுகிறது. முதல் நாள் நான் கையைத் தட்டிவிட்டேன், உள்ளே இருந்த டெக்னீஷியன் பயந்துபோனார். உன் அப்பா மில் சிநேகிதரிடமிருந்து ஒரு பெட்டிக் காமிராவை வாங்கி வந்ததும் எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. குளியலறை ஜன்னலில் தார்ப்பாய், பல்புக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள், மூன்று எனாமல் தட்டு. முதல் தட்டில் படத்தை எழுப்புகிற டெவலப்பர், நடுத்தட்டில் தண்ணீர், மூன்றாவதில் படத்தை நிறுத்தி வைக்கிற ஹைப்போ. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாளைத் தவிர எனக்கு வாத்தியார் கிடையாது. "ஊட்ல மனுஷன் குளிக்க எடம் இல்ல, இவ மூஞ்சிங்கள குளிப்பாட்டிக்கினு கீறா" என்று உன் அப்பா தெருக்குழாயடியில் போய்க் குளித்தார்.

உனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது எஸ்தர் சித்திக்கு அரக்கோணத்திலிருந்து இடம் வந்தது. மாப்பிள்ளை ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். படம் கேட்டார்கள். ஸ்டூடியோவுக்கு எதற்கு, அக்கா இருக்கிறாளே என்று எஸ்தரே சொன்னாள். எடுத்தேன், போட்டேன், நன்றாக வந்தது. என் பெரியம்மா பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெளுக்கப் போடேன்டி, உன் கையிலதான கீது" என்றாள். என் கையில்தான் இருந்தது. அதுதான் ருசி. அட்டையைப் பொட்டு மாதிரி வட்டமாக வெட்டி, சைக்கிள் கம்பி முனையில் ஒட்டி, பேப்பருக்கு மேலே வெளிச்சம் விழும்போது அவள் முகத்துக்கு நேரே பிடித்து ஆட்டினேன். வெளிச்சம் குறைந்த இடம் வெளுக்கும். முகம் மட்டும் பால் மாதிரி வந்தது. கழுத்தும் கையும் வெளுக்க இன்னொரு வட்டம் வெட்டினேன். வீடே கொண்டாடியது. ஸ்டூடியோக்காரன் தோற்றான் என்றார்கள். எஸ்தர் மட்டும் படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அதை நான் வெட்கம் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் படத்தை வைத்தே முடித்துவிட்டார்கள். கல்யாணத்தன்றுதான் பெண்ணைப் பார்த்தார்கள். மாமியார் கோயில் வாசலிலேயே, "படத்துல வந்தது ஒருத்தி, வண்டியில வந்தது ஒருத்தியா?" என்று கேட்டாள். கல்யாணம் நிற்கவில்லை. நின்றிருந்தால்கூடத் தேவலை என்று எஸ்தர் ஒரு காலத்தில் சொன்னாள். நான் போட்ட படத்துக்குச் சட்டம் போட்டு அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் அதைக் காட்டி, "இந்தப் பொண்ணுக்குத்தான் காத்துக்கினு கீறோம், இன்னும் வரல" என்பாளாம். இரண்டு வருஷம், நைனா. எஸ்தர் அந்தப் படத்துக்கு அடியில் உட்கார்ந்துதான் இரண்டு வருஷம் சாப்பிட்டாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தவள் என் குளியலறை வாசலில் நின்று சொன்னாள்: "ஸ்டூடியோல போட்டிருந்தா அந்த ஆள திட்டிட்டு மறந்துருப்பேன்க்கா. யாரோ எவனோன்னு போயிருக்கும். நீ போட்டியே. எம்மொகம் ஒனக்கே புடிக்கலன்னு ஆயிப்போச்சே."

அன்றைக்கே தார்ப்பாயைக் கட்டினேன். அவளுடைய பழைய நெகட்டிவைத் தேடி எடுத்து, வட்டமும் கம்பியும் இல்லாமல், உள்ளது உள்ளபடி போட்டேன். மறுநாள் அரக்கோணத்துக்கு ரயில் ஏறினேன். கூடத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டத்தை இறக்கி, பின்பக்க ஆணியைப் பிடுங்கினேன். மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "இன்னாடி பண்றே எங்கூட்ல?" "உங்க மருமவள மாட்றேன் அத்த. இத்தினி நாளு வேற யாரோ தொங்கிக்கினு இருந்தா." "அடிங், எவ்ளோ கொழுப்பு!" என்று ஆரம்பித்தவளை, வாசலில் ஷூ கழற்றிக்கொண்டிருந்த எஸ்தர் புருஷன் நிறுத்தினார். புதுப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நல்லா கீது. இதுல சிரிக்கிறா" என்றார். வெளுக்கப் போட்டபோது அந்தச் சிரிப்பும் சேர்ந்து வெளுத்துப்போயிருந்தது, அதுவரைக்கும் எனக்கே தெரியாது. இன்று அந்த வீட்டில் அந்தப் படம்தான் இருக்கிறது. மாமியார் கடைசி வரைக்கும் என்னோடு பேசவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அன்றிலிருந்துதான் இந்தப் பிடிவாதம். வீட்டில் போட்டால் மலிவு, லேபில் போட்டால் அழகு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. லேபில் போட்ட படத்தில் பொய் இருந்தால் குற்றம் லேபுக்கு. வாங்கினவன் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். வீட்டில் போட்டால் குற்றம் என்னுடையது, ஓடி ஒளிய இடம் கிடையாது. அந்தச் சங்கடத்துக்காகத்தான் வீட்டிலேயே போடுகிறேன்.

இதோடு இன்னொன்றையும் இறக்கி வைத்துவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துக் கோப்பையோடு நின்றாயே, அந்தப் படம் வரவில்லை, காமிரா கெட்டுப்போச்சு என்று சொன்னேனே, காமிரா கெடவில்லை. அது சித்திரை வெயில். தொட்டித் தண்ணீர் கொதித்துக் கிடந்தது. பானைத் தண்ணீருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அதிலேயே ஃபிலிமை முக்கினேன். ஃபிலிமின் மேல் பூசியிருக்கிற பசை சூட்டில் இளகி, பாலாடை மாதிரி கழன்று மிதந்தது. உன் முகமும் கோப்பையும் தட்டில் சுருண்டு சுருண்டு போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். நீ மூன்று நாள் காமிராவைத் திட்டினாய். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். வெட்கமாக இருக்கிறது. குற்றத்தை இன்னொருவர் மேல் போடுவது எத்தனை சுலபம் என்று உனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவள் நான்தான். அதனால் நீ லேபுக்குப் போனதற்கு உன்னை முழுசாகத் திட்ட எனக்கு வாயில்லை. முக்கால்வாசி திட்டுகிறேன்.

சரி, ஊத்துக்கோட்டைக்கு வருகிறேன். நீ உறையைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் தபாலாபீஸ் வாசலில் இரண்டு படத்தையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் மேல் சத்தியமாக, லேப் படத்தைத்தான் முதலில் உறைக்குள் வைத்தேன். இந்த இடம் தட்டிப்போனால் என் பிள்ளை என் முகத்தில் விழிக்கமாட்டான் என்ற பயம் எனக்கும் இருந்தது. எச்சில் தொட்டு ஒட்டப்போகும்போது, அந்தப் பெண் கல்யாணத்தன்று உன் புருவத்தைப் பார்த்து, "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்பதாக நினைத்துப் பார்த்தேன். லேப் படத்தை உருவிவிட்டு நான் போட்டதை வைத்தேன். ஒரு சீட்டும் வைத்தேன். "இது வீட்டில் போட்ட படம். நிறம் உண்மை. புருவத்தில் தழும்பு உண்மை, மில்லில் பட்டது. மூலையில் இருக்கிற விரல்ரேகை மட்டும் அம்மாவுடையது." அவ்வளவுதான் எழுதினேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். அது தப்பு. கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய், அதனால் இன்னொரு தடவை நேர்ந்தாலும் அதே தப்பைத்தான் செய்வேன்.

பதினைந்து நாள் பதிலில்லை. செவ்வாய்க்கிழமை காலை, எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு சத்தம்.

"யாருங்க இங்க போட்டோ போடற ஆயாம்மா?"

காக்கிச் சட்டை, தோளில் பை. பெண்ணுடைய அண்ணன், ஊத்துக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர். வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"நான்தாம்ப்பா."

"நல்லா பண்ணீங்கம்மா. எங்கூட்ல பன்னெண்டு நாளா ஒரே பேஜாரு."

"ஏம்ப்பா, புள்ள கறுப்புன்னா?"

"எங்கம்மா அத்தத்தான் சொல்லி அழுதுது. தங்கச்சி அந்தச் சீட்ட எட்த்து வெச்சிக்கினு குடுக்கவே மாட்டேன்னா. அப்பால எங்கள ஒரு புடி புடிச்சா பாருங்க. அவங்க தழும்ப எடுக்கலியே, எம்மொகத்த மட்டும் ஏன்டா அழிச்சிங்கன்னு."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. டியூப்லைட் என்று நீ பயந்தாயே, அந்தப் படம் ஸ்டூடியோவில் தீட்டியது. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் பெரியம்மை போட்டிருக்கிறது. கன்னத்திலும் நெற்றியிலும் வடு. நிறமும் நம் நிறம்தான். அவளைக் கேட்காமல் வீட்டார் தீட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தீட்டிய படத்தைப் பார்த்து நீ வெட்கப்பட்டு உன்னைத் தீட்டிக்கொள்ளப் போனாய். இரண்டு பென்சிலுக்குக் கல்யாணம் நடந்திருக்கும், நைனா! நீயும் அவளும் அந்தக் கல்யாணத்துக்கு விருந்தாளிகளாகக்கூடப் போயிருக்க மாட்டீர்கள்.

"அப்ப இன்னா சொல்றா உன் தங்கச்சி? சரியா, இல்லியா?"

"ரெண்டும் சொல்லல. நேரா ஸ்டூடியோக்குப் போயி நெகட்டிவ் குடுன்னா. அதெல்லாம் குடுக்கறது இல்லன்னான். கட தொறந்ததுலேந்து சாப்பாட்டு நேரம் வரிக்கும் அவன் ஸ்டூல்லயே ஒக்காந்துட்டா. வந்தவன் போனவன் எல்லாம் வேடிக்க பாக்கறான். எனக்கு ட்ரிப்புக்கு டைம் ஆவுது, மானம் போவுது. கடசில குடுத்துட்டான்." பையிலிருந்து டிக்கெட் கட்டுகளுக்கு நடுவே வைத்திருந்த ஒரு பழுப்பு உறையை எடுத்தார். "இந்தாங்க. இதுல பென்சில அழிச்சிட்டுப் போடணுமாம். ஆனா நீங்க போடக்கூடாதாம். உங்க புள்ள கையால போட்டு அனுப்பணுமாம். அத்தப் பாத்துட்டு அப்பால யோசிக்கிறேன்னு சொன்னா."

எனக்கு முதல் நாள் எக்ஸ்ரே தட்டைப் பார்த்துக் கையைத் தட்டினேனே, அதே மாதிரி தட்டத் தோன்றியது. டெக்னீஷியன் இருந்தார், அடக்கிக்கொண்டேன். இந்த விஷயத்தைப் பத்திரிகையில் எழுதலாமா என்று அண்ணன் மூலம் கேட்டனுப்பினேன். மறுநாளே பஸ்ஸில் பதில்: "எழுதச் சொல்லு. பேர மட்டும் போட வேணாம், வடுவப் போடலாம்." பேரை எழுதவில்லை. நீ அறிவாய்.

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கை அகலம்தான் இருக்கிறது. கன்னம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி பென்சில். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, துளித் துளியாகத் துடைத்தேன். பஞ்சில் கறுப்பாக வந்தது. எங்கும் கீறல் படவில்லை. அதற்கு மேல் நான் எதையும் செய்யவில்லை. ஆசை இல்லாமலா? புதுப் பேப்பர் பாக்கெட் பிரிக்காமல் இருக்கிறது, டெவலப்பர் கலந்தால் பத்து நிமிஷ வேலை. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ், கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும், முகம் தெரியாது. அவள் முகம் இன்னும் யார் கண்ணுக்கும் எழும்பவில்லை. அவள் அண்ணனின் உறைக்குள்ளேயே வைத்து, உன் லேப் படம் இருக்கிற அதே ட்ரங்குப் பெட்டியில் பூட்டியிருக்கிறேன்.

வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. அவளுக்கும் உண்டு, அதை அவள் பத்திரமாகக் கையில் வைத்திருக்கிறாள். உன் அம்மா உனக்குப் பெண்ணைத் தீர்மானிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றால் முகத்தைப் பார்த்துச் சொல். சிவப்பு விளக்கடியில் நின்று, தட்டை நீயே ஆட்டி, வெற்றுத் தாளில் முதலில் முடி, அப்புறம் கண், அப்புறம் கன்னம் என்று ஒரு மனுஷி எழுந்து வருவாளே, அப்போது பார்த்துச் சொல். நீ சின்னவனாக இருந்தபோது எத்தனை தட்டு ஆட்டியிருக்கிறாய், கை மறந்திருக்காது. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். வெளிச்சம் குறைந்து படம் வெளுத்து வந்தால் அதை அனுப்பவிட மாட்டேன். அந்த வட்டத்தையும் கம்பியையும் அரக்கோணத்திலிருந்து திரும்பிய அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன்.

இந்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், பத்தரை மணிக்குத் தார்ப்பாயைக் கட்டுகிறேன். இதைப் படிக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பென்சில் பட்ட முகங்கள் இருக்கும். ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தாவது நெகட்டிவை வாங்கிக்கொண்டு வாருங்கள், துடைத்துத் தருகிறேன், போடக் கற்றுத்தருகிறேன். திட்டவேண்டும் என்றால் பத்திரிகையின் கடைசியில் ஆறு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறோம், பேரோடு திட்டி எழுதுங்கள், அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள், உங்கள் வீட்டிலேயே முடக்கிவிடாதீர்கள். பேப்பரும் மருந்தும் என் பொறுப்பு. தண்ணீர்தான் நம் தெருவில் கஷ்டம், படத்தைச் சரியாக அலசாவிட்டால் ஒரே வருஷத்தில் மஞ்சளாகிவிடும், அதனால் ஆளுக்கு ஒரு குடம் கொண்டுவாருங்கள்.

நைனா, நீ இரண்டு குடம். அவள் முகத்தை நன்றாக அலசவேண்டும்.